குழல்களின் குரலைக் காத்தல்

1720ஆம் ஆண்டிலே, ஜேர்மனி நாட்டு ஹம்பேர்க் துறைமுக நகரில், புனித கத்தரீனாள் தேவாலயத்தினுள் நகரப் பெரியோர் பலர் கூடியிருந்தனர். அவர்கள் முன்னிலையில், 35 வயதினரான யோஹான் செபாஸ்தியன் பாக் என்னும் இசைவாணர் அத்தேவாலயத்துப் பேரோர்கனின் முன் அமர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேலாக வாசித்தார். அங்கே நெடுங்காலம் ஓர்கன் வித்துவானாகப் பணிபுரிந்து முதுமை எய்தியிருந்த ரைன்கன் என்பவரும் இருந்து கேட்டார். பாக் ஒரு பழைய வழிபாட்டுப் பாடலின் மெட்டை எடுத்து, முன்னேற்பாடு எதுவுமின்றி, ஏறத்தாழ அரை மணி நேரம் விரித்து வாசித்தார். இக்கலை இறந்துபட்டதென்று தாம் எண்ணியிருந்ததாகவும், அது பாக்கிடத்தே உயிரோடிருப்பதைக் கண்டுகொண்டதாகவும் அம்முதியவர் கூறினாரென்று, பாக் மறைந்தபின் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்புத் தெரிவிக்கின்றது.

கலை உயிரோடிருந்தது, கருவிதான் நிலைக்கவில்லை. அந்த ஓர்கனின் 32 அடிக் குழாய்கள் அடிமுதல் ஒரே சீராகவும் தெளிவாகவும் ஒலித்தனவென்று பாக் புகழ்ந்ததை அவருடைய மாணவர் அக்ரிகோலா எழுதிவைத்துள்ளார். 1943ஆம் ஆண்டு யூலை மாதத்துக் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தபோது அந்த ஓர்கனும் எரிந்தழிந்தது. முன்னரே பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட 500க்கு மேற்பட்ட பழைய குழாய்களே எஞ்சின. அவற்றையும் ஏட்டுச் சான்றுகளையும் துணைக்கொண்டு ஒல்லாந்து நாட்டுக் கைவினைஞர் 2013ஆம் ஆண்டில் அக்கருவியை மீண்டும் அமைத்து முடித்தனர். புதிய கருவி சிறந்த கருவியே. ஆயினும் அதன் குரல் பாக்கின் செவியிற் பட்ட குரலை எவ்வளவு ஒத்திருக்கிறதென்று ஒப்புநோக்குவதற்குப் பழைய குரல் எங்கே இருக்கின்றது?

இக்கேள்வியோடு தொடர்புடைய ஒரு முயற்சி கடந்த கால் நூற்றாண்டாக ஐரோப்பாவில் வளர்ந்து வருகின்றது. பழம்பெரும் ஓர்கன்களின் ஒவ்வொரு குழாயின் குரலையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து, கணினியின் நினைவகத்திலே சேர்த்துவைத்து, வேறோர் இடத்தில் உள்ள விசைப்பலகையினால் அக்குரல்களை மீண்டும் எழுப்புதலே அம்முயற்சியாகும்.

இது சாதாரண ஒலிப்பதிவினின்றும் வேறுபட்டது. இசைத்தட்டு ஒரு வித்துவான் ஒரு நாளில் வாசித்த ஒரு பாட்டைக் காத்துவைக்கும். எத்தனை முறை சுழலவிட்டாலும் அதே பாட்டையே அது தரும். இப்புதிய முறையோ பாட்டைக் காப்பதில்லை. பாட்டுக்கு மூலமாகிய குரல்களையே காக்கின்றது. சொற்பொழிவு ஒன்றை எழுதிவைப்பதற்கும், அதைப் பேசியவர் மொழியின் எழுத்துகள் அத்தனையையும் அவருடைய குரலிலேயே பதிந்துவைப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு இவற்றினிடையே உண்டு. பின்னது கையிலிருந்தால் அவர் பேசாத பேச்சையும் அவர் குரலில் அமைக்கலாம்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு ஓர்கன் என்னும் கருவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஹார்மோனியத்தைக் கண்டவர்களுக்கு இதன் அடிப்படை புதியதன்று. துருத்தி காற்றைத் தருகின்றது; விசையை அழுத்தினால் ஒரு வழி திறக்கின்றது; காற்று புகுந்து ஒலி பிறக்கின்றது. ஆனால் ஹார்மோனியம் கையிலெடுத்துச் செல்லத்தக்க பெட்டி. பேரோர்கனோ ஒரு கட்டடம். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. அக்குழாய்களிற் சில மனிதனைப் போற் பன்மடங்கு உயரமானவை. சில சுண்டுவிரலிலும் சிறியவை.

குழாய்கள் இருவகைப்படும். ஒருவகை புல்லாங்குழலைப் போன்றது. குழாயின் அடியிலுள்ள வாயின் விளிம்பிலே காற்று மோதி, உள்ளிருக்கும் காற்றுத்தம்பத்தை அதிரச் செய்கின்றது. மற்றவகை ஹார்மோனியத்தைப் போன்று பித்தளை நாக்கையுடையது. நாக்கு அதிர, அதன்மேல் நிற்கும் குழாய் அவ்வொலிக்கு வண்ணம் ஊட்டுகின்றது. ஒரே வண்ணமுடைய குழாய்கள் தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை வரிசையாக அமைந்தால் அதனை ஒரு நிரை எனலாம். வாசிப்பவரின் இருமருங்கிலும் உள்ள பிடிகளை இழுத்து, வேண்டிய நிரைகளை ஒலிக்கச் செய்வர். புல்லாங்குழலின் மென்மை வேண்டுமாயின் ஒரு பிடி. எக்காளத்தின் முழக்கம் வேண்டுமாயின் இன்னொரு பிடி. பல பிடிகளை ஒருங்கே இழுத்தால் தேவாலயமே அதிரும்.

17ஆம் நூற்றாண்டிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பரோக் காலம் என இசை வரலாற்றில் வழங்கும் அக்காலத்திலே, வட ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் இக்கருவி உச்சநிலை எய்தியது. அக்கைவினையிற் பெரும்புகழ் பெற்றவர் ஆர்ப் ஷ்னிட்கர் என்பவர். 1648ஆம் ஆண்டில் தச்சுத்தொழில் செய்யும் குடும்பத்திற் பிறந்து 1719ஆம் ஆண்டில் மறைந்த அவர், நூற்றுக்கு மேற்பட்ட ஓர்கன்களை அமைத்தும் புதுக்கியும் கொடுத்தார். ஒல்லாந்திலுள்ள ஸ்வொல்லே நகரத்துப் புனித மிக்கேல் தேவாலயத்தின் ஓர்கன் அவர் மறைந்தபின், அவருடைய மைந்தர்களால் 1721ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. அது நான்கு கைவிசைப்பலகைகளும், கால்களால் வாசிக்கும் பலகையொன்றும், 64 நிரைப்பிடிகளும் கொண்டது. முன்னூறு ஆண்டுகள் கடந்தும் அது இன்றும் ஒலிக்கின்றது. செக் நாட்டைச் சேர்ந்த சோனுஸ் பாரடிஸி என்னும் நிறுவனத்தார் அதன் குரல்களைப் பதிந்து கணினிக்கு ஏற்றவாறு அமைத்துள்ளனர். ஸ்வொல்லேக்கு ஒருபோதும் செல்லாதவரும் அவ்வோர்கனின் குரல்களைக் கொண்டு தாமே ஒரு பாட்டை வாசிக்கலாம் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

பிற கருவிகளை விட்டு ஓர்கனிலே இம்முறை சிறந்து விளங்குவதற்குக் காரணம் உண்டு. வீணையின் தந்தியை மீட்டுபவர் விரலின் அழுத்தத்தால் ஒலியைப் பெருக்குகின்றார்; தந்தியை இழுத்துக் கமகம் சேர்க்கின்றார். ஒரே சுரத்தை ஆயிரம் விதமாக எழுப்பலாம். அத்தனை விதங்களையும் பதிந்துவைத்தல் இயலாத காரியம். ஓர்கன் குழாயோ அத்தகையதன்று. விசையை மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் குழாய்க்குச் செல்லும் காற்று ஏறத்தாழ ஒரே அளவினது. விசை அழுந்தியிருக்கும் வரை ஒலி சீராக நிற்கும், விட்டவுடன் நின்றுவிடும். ஆகவே ஒரு குழாயின் குரலை ஒருமுறை செம்மையாகப் பதிந்துவிட்டால், அக்குழாய் பேசவல்லதிற் பெரும்பகுதியைப் பதிந்தவாறாகும்.

எனினும் அந்த ஒருமுறை எளிதாக அமைவதன்று. பதிவு தொடங்குமுன் ஓர்கன் முழுவதும் சுருதி சேர்க்கப்படல் வேண்டும். பின்னர் ஒலிவாங்கிகளை எங்கே நிறுத்துவதென்று முடிவு செய்தல் வேண்டும். குழாய்களுக்கு அணித்தாக நிறுத்தினால் ஒவ்வொரு குழாயின் பேச்சும் தெளிவாக விழும். தேவாலயத்தின் நடுவே நிறுத்தினால் கற்சுவர்களும் உயர்ந்த கூரையும் அக்குரலோடு கலந்து விழும். இக்காலத்தில் இவ்விரண்டையும், பின்புறத்து முழக்கத்தையுங்கூட, ஒரே வேளையிற் பல ஒலிவாங்கிகளாற் பதிந்துகொள்வதுண்டு.

பதிவுக்கு உகந்த வேளை பெரும்பாலும் இரவேயாகும். பகலிலே தெருவில் வண்டிகள் ஓடும், வழிபடுவோரும் பயணிகளும் வந்து செல்வர், பறவைகள் ஒலிக்கும். இரவிலும் முழு அமைதி கிட்டுவது அரிது. கோபுர மணி அடித்தால் அதன் அதிர்வு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். மழை கூரையிற் பெய்தால் அன்றைய வேலை நின்றுவிடும். பழைய மரத்தளம் தானே முறிவதுபோல் ஓர் ஒலி எழுப்பினால் அந்தச் சுரத்தை மீண்டும் பதிய வேண்டும்.

ஒவ்வொரு விசையையும் அழுத்தி, சில செக்கன்கள் பிடித்து, விட்டு, ஒலி முற்றாக மறையும் வரை மூச்சை அடக்கிக் காத்திருத்தலே பதிவாளர் தொழில். அத்துடன் அமையாது. பெரிய தேவாலயத்தில் ஒரு குரல் எழுந்து சுவர்களிற் பட்டு நிறைவதற்குச் சிறிது நேரம் ஆகும். விசையை ஒரு கணம் தொட்டுவிட்டால் எழும் எதிர்முழக்கம் வேறு. நெடுநேரம் பிடித்துவிட்டால் எழுவது வேறு. நீண்ட சுரத்தின் எதிர்முழக்கத்தைக் குறுகிய சுரத்தின் ஈற்றிலே ஒட்டினால் அது பொய்யென்று செவி உடனே கண்டுகொள்ளும். ஆகவே ஒவ்வொரு குழாயையும் குறுகியதாகவும், இடைத்தரமாகவும், நெடியதாகவும் மூன்று முறையாவது ஒலிக்கச் செய்து பதிவர்.

இதன் அளவைச் சிறிய கணக்கொன்றால் அறியலாம். ஓர் ஓர்கனில் 50 நிரைகளும் நிரையொன்றுக்கு 48 விசைகளும் உண்டெனக் கொண்டால், பதியவேண்டிய குரல்கள் 2400 ஆகும். மூன்று முறை பதிந்தால் அவை 7200 ஆகும். ஒன்றுக்கு 20 செக்கன்கள் என வைத்துக்கொண்டால், தவறும் தடையும் இன்றியே 40 மணி நேரம் வேண்டும். இரவுக்கு ஐந்து மணி நேரம் அமைதி வாய்ப்பினும் எட்டு இரவுகள் செல்லும். இந்த எட்டு இரவுகளிலும் விசையை அழுத்துபவர் ஒருநாளும் ஒரு பாட்டையும் வாசிப்பதில்லை. நெல்மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குதிரில் இடுவது போன்ற வேலை அது.

வெப்பநிலை இன்னோர் இடர். காற்று வெப்பமடைந்தால் அதிலே ஒலியின் வேகம் கூடும். அதனாற் புல்லாங்குழல் வகைக் குழாய்களின் சுருதி ஏறும். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக வகுத்தால், ஒரு செல்சியஸ் பாகை கூடும்போது ஏறத்தாழ மூன்று பங்கு சுருதி உயரும். பித்தளை நாக்குக் குழாய்களோ அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே முதலிரவு ஒருமித்து ஒலித்த இரு நிரைகள், வெப்பம் மாறிய நான்காம் இரவிலே ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். பதிவாளர் வெப்பமானியையும் குறிப்பேட்டையும் கைவிடாதிருத்தல் இதன் பொருட்டே.

பதிவு முடிந்தபின் மேசையிற் செய்யும் வேலை தொடங்குகின்றது. அது மாதக்கணக்கில் நீளும். ஓர்கனுக்குக் காற்றூட்டும் விசிறியின் இரைச்சல் ஒவ்வொரு பதிவிலும் கலந்திருக்கும். ஒரு குழாயில் அது செவிக்குத் தெரியாது. ஐம்பது குழாய்களை ஒருங்கே ஒலிக்கச் செய்தால் ஐம்பது இரைச்சல்களும் கூடிப் பேரிரைச்சலாகும். ஆதலால் அதனை நீக்குதல் வேண்டும். நீக்கும்போது குழாயின் சொந்த மூச்சொலியையும் சேர்த்து நீக்கிவிட்டால் குரல் உயிரிழந்துவிடும். களையைப் பிடுங்கும் கை பயிரைப் பிடுங்காதிருத்தல் போன்ற நிதானம் இதற்கு வேண்டும்.

அடுத்தது குரலை நீட்டும் வேலை. பதிந்தது எட்டுச் செக்கன் ஒலி. வாசிப்பவரோ விசையை ஒரு நிமிடமும் பிடித்திருக்கலாம். ஆகவே சுரத்தின் நடுப்பகுதியில் ஓரிடத்திலிருந்து முன்னைய ஓரிடத்துக்குக் கணினி திரும்பித் திரும்பிச் செல்லுமாறு அமைப்பர். இரு இடங்களிலும் ஒலியலையின் வடிவம் ஒன்றோடொன்று பொருந்தாவிடின் தட்டுப்பட்டாற்போல ஒலி கேட்கும். பொருந்தினும், மீண்டும் மீண்டும் அதே அலை வருவது செவிக்குப் புலப்பட்டால் இயந்திரத்தன்மை வெளிப்படும். இதனைத் தவிர்ப்பதற்குப் பல இடங்களைத் தேர்ந்து, கணினி அவற்றை மாற்றி மாற்றி எடுக்குமாறு செய்வர்.

இவ்வாறு ஒவ்வொரு குரலும் மூன்று பகுதியாகின்றது. காற்று புகுந்தவுடன் குழாய் வாய்திறக்கும் தொடக்கம் முதலாவது. சீராக நிற்கும் நடு இரண்டாவது. விசையை விட்டபின் தேவாலயத்திலே கரைந்து மறையும் ஈறு மூன்றாவது. இவற்றுள் குழாயின் தனித்தன்மை பெரிதும் தொடக்கத்திலேயே வெளிப்படுகின்றது. நாதசுரம் ஒன்றையும் கிளாரினெட் ஒன்றையும் பதிந்து, தொடக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு நடுவை மட்டும் கேட்டால் இரண்டையும் வேறுபடுத்துதல் முன்னிலும் கடினமாவதைக் காணலாம். பழைய கைவினைஞர் தம் கத்தியாற் குழாயின் வாயைச் சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்தது இத்தொடக்கத்தைச் செம்மை செய்வதற்கே.

இக்குரல்களை இயக்கும் மென்பொருள்களிலே புகழ்பெற்றது ஹவுப்ட்வெர்க் என்பது. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயர், ஓர்கனின் முதன்மைக் குழாய்த்தொகுதியைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லாகும். கிராண்ட்ஓர்க் என்னும் பெயரில் விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளும் உண்டு. விசைப்பலகைக்கும் கணினிக்கும் இடையே செய்தியைக் கொண்டுசெல்வது மிடி எனப்படும் முறை. அது 1983ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. விசையை அழுத்தியவுடன் கணினி அதற்குரிய குரலைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. முழு ஓர்கனையும் ஒலிக்கச் செய்யும்போது ஆயிரக்கணக்கான ஒலிகள் ஒரே கணத்திற் கலக்க வேண்டியிருத்தலால், பெரிய ஓர்கனுக்குப் பத்துக்கணக்கான ஜிகாபைட் நினைவகம் தேவைப்படும்.

இதனாற் பயன்பெறுவோர் யாவர்? முதலாவதாக மாணவர். ஓர்கன் பயில்வோருக்குத் தேவாலயத்தின் திறவுகோல் எந்நேரமும் கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படாத கட்டடத்திலே விரல் மரத்துப்போகும். வீட்டிலே ஒரு சிறிய அறையில், செவிக்கருவியை அணிந்துகொண்டு, அயலவரின் உறக்கத்தைக் கெடுக்காமல் நள்ளிரவிலும் பயிலலாமென்பது அவர்களுக்குப் பெரும்பேறு. மேலும், ஒவ்வொரு பழைய ஓர்கனும் தன் நாட்டுக்கும் காலத்துக்கும் உரிய சுருதிமுறையைக் கொண்டது. இக்காலப் பியானோவில் எல்லா அரைச்சுரங்களும் ஒரே அளவின. பழைய முறைகளிலோ சில இசைவுகள் மிகத் தூய்மையாகவும், சில கரகரப்பாகவும் அமைந்திருந்தன. அக்காலத்துப் பாட்டுகளில் ஓரிடம் ஏன் நெஞ்சை நெருடுகின்றதென்பது, அக்காலச் சுருதியிலே கேட்டாலன்றி விளங்காது. பல நாட்டுப் பழைய ஓர்கன்களின் சுருதியை ஓர் அறையில் இருந்தவாறே ஒப்பிட்டுக் கற்பது முன்னைத் தலைமுறைக்குக் கிட்டாத வாய்ப்பாகும்.

ஆயினும் குறைகளையும் மறைத்தல் ஆகாது. பழைய ஓர்கனிலே விசைக்கும் குழாய்க்கும் இடையே மெல்லிய மரச்சலாகைகள் செல்கின்றன. விசையை அழுத்தும்போது, காற்றின் அமுக்கத்தை எதிர்த்து வழி திறப்பதை விரல் உணர்கின்றது. ஒலியின் அளவை விரலால் மாற்ற இயலாதெனினும், வழியை மெல்லத் திறந்தால் குழாய் வாய்திறக்கும் விதம் சிறிது மாறும். தேர்ந்த வாசிப்பாளர் அச்சிறு மாற்றத்தைக்கொண்டே சொற்களைப் பிரித்துப் பேசுவதுபோலப் பாட்டைப் பிரித்துப் பேசுகின்றார். பதிவிலே பெரும்பாலும் ஒரே வகைத் திறப்புத்தான் இருக்கின்றது.

காற்றும் அவ்வாறே. பழைய துருத்திகளின் காற்று, பல குழாய்கள் ஒருங்கே குடிக்கும்போது சிறிது தளரும், பின் தேறும். அதனால் முழுவிசை மூச்சுவிடுவதுபோல அசையும். ஒவ்வொரு குழாயும் தனித்தனியே பதியப்பட்டபோது காற்று தளரவில்லை. ஆகவே அவ்வசைவு பதிவில் இல்லை. மென்பொருள் அதனைக் கணித்து ஊட்டுகின்றது. கணிப்பு நன்றாக இருக்கலாம். எனினும் அது கணிப்பே. அடுத்தடுத்து நிற்கும் குழாய்கள் ஒன்றையொன்று பாதித்துச் சுருதியில் இழுபடுவதும் உண்டு. தனித்தனியே பதிந்தவற்றின் கூட்டுத்தொகை, கூடி ஒலித்தவற்றிற்கு முற்றும் சமமாகாது.

இவற்றினும் நுண்ணிய ஒரு சிக்கலும் உண்டு. முன்னூறு வயதான கருவியிலே சில குழாய்கள் சற்றுத் தாமதித்தே பேசும். ஒன்று அடைத்த தொண்டையோடு ஒலிக்கும். இன்னொன்று அயற்குழாயைவிட உரத்து நிற்கும். பதிவாளர் மேசையில் இருந்தவாறே இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திவிடலாம். ஒழுங்குபடுத்தினால் வாசிப்போர் மகிழ்வர். ஆனால் அப்பொழுது காக்கப்படுவது பழைய ஓர்கனா, பதிவாளர் விரும்பிய ஓர்கனா? ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் இவ்விடரை நன்கறிவர். சுவடியிலுள்ளதைத் தம் கருத்துக்கேற்பத் திருத்தி, திருத்தியதைச் சொல்லாமலே விட்டுவிட்டால், பின்வருவோருக்கு மூலம் எதுவென்று தெரியாமற் போகும். மூலப்பதிவைத் தீண்டாமல் தனியே காத்து, திருத்தியதைத் திருத்தியதென்றே குறித்து வெளியிடுதலே நேர்மையான வழி.

இங்கே ஒரு பெரிய ஐயம் எழுகின்றது. குரலைக் கணினியிற் சேர்த்தாயிற்று. இனி அக்குழாய்களைப் பேணுவானேன்? பழைய ஓர்கனைச் செப்பனிடுதற்குப் பெரும்பொருள் வேண்டும். கைவினைஞர் சிலரே உள்ளனர். வழிபட வருவோர் தொகையும் ஐரோப்பாவில் அருகி வருகின்றது. பணமுட்டுப்பாடுடைய ஒரு சபையார், ஒலிபெருக்கியும் கணினியும் போதுமென்று முடிவுசெய்தால் அவர்களை எளிதிற் குறைகூற முடியாது. இவ்வாறாயின், காப்பதற்கென்று வந்த கலையே கைவிடுவதற்குக் காரணமாகிவிடாதா?

இதற்கு விடையை ஹம்பேர்க் நகரமே தருகின்றது. அங்கே புனித யாக்கோபு தேவாலயத்தில், ஆர்ப் ஷ்னிட்கர் 1693ஆம் ஆண்டில் முடித்த 60 நிரைகளையுடைய ஓர்கன் உண்டு. 1720ஆம் ஆண்டில் அத்தேவாலயத்தின் ஓர்கன் பதவியையே பாக் நாடினார். அது அவருக்கு வாய்க்கவில்லை. முதலாம் உலகப்போரின்போது, 1917ஆம் ஆண்டில், அதன் முகப்பிலே நின்ற வெள்ளீயக் குழாய்கள் போர்த்தேவைக்கெனப் பறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது எஞ்சிய குழாய்களையும் காற்றுப்பேழைகளையும் கழற்றிப் பாதுகாப்பான இடத்திற் சேர்த்தனர். 1944ஆம் ஆண்டில் தேவாலயம் குண்டுக்கு இரையாகி, கழற்ற இயலாத மரக்கூடு எரிந்தது. சேர்த்துவைத்த குழாய்களோ பிழைத்தன. யூர்கன் ஆரெண்ட் என்னும் கைவினைஞர் அவற்றை ஆராய்ந்து, இழந்தவற்றைப் புதிதாக ஆக்கி, 1993ஆம் ஆண்டில், அக்கருவியின் முந்நூறாம் ஆண்டிலே, புத்துயிரளித்தார்.

அவர் கையில் இருந்தவை குழாய்கள். ஈயமும் வெள்ளீயமும் எந்த அளவிற் கலக்கப்பட்டன, தகடு எவ்வளவு தடிப்பு, வாய் எவ்வளவு உயரம், கத்தி எங்கே பட்டது என்பனவற்றையெல்லாம் பழைய குழாயே சொல்லும். ஒலிப்பதிவு இவற்றுள் ஒன்றையும் சொல்லாது. எவ்வளவு நுட்பமான பதிவாயினும் அதனைக்கொண்டு ஒரு குழாயை வார்த்தெடுக்க இயலாது. மறுபுறத்திலே, அளவுகள் அனைத்தும் ஏட்டில் இருந்தும், குரல் எப்படி இருந்ததென்று அறிவதற்கு ஏடு துணைசெய்யாது. கத்தரீனாள் தேவாலயத்து ஓர்கனை மீண்டும் அமைத்தோருக்கு ஒரே ஒரு நிரையின் பதிவேனும் இருந்திருப்பின், தம் வேலையை அதனோடு ஒத்திட்டுப் பார்த்திருப்பர். ஆகவே பதிவு என்பது கருவிக்கு வாரிசு அன்று; அதன் சாட்சி. சாட்சி இருக்கின்றதென்று உடைமையைக் கைவிடுவாரில்லை.

இச்சாட்சி எவ்வளவு அவசியமென்பதை அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்றும் உணர்த்தும். பிரான்சு நாட்டின் நாந்த் நகரத்துப் பேராலயத்திலே 17ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட பேரோர்கன் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியை அது தாண்டியது. இரண்டாம் உலகப்போரின் குண்டுகளைத் தாண்டியது. 1972ஆம் ஆண்டில் பேராலயத்தின் கூரையை எரித்த தீயையும் தாண்டியது. ஆனால் 2020ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாட்காலையில், உள்ளே மூட்டப்பட்ட தீயிலே சில மணி நேரத்துள் அது முற்றாக அழிந்தது. நானூறு ஆண்டு நிலைத்ததென்பது நாளையும் நிலைக்குமென்பதற்கு உறுதியன்று.

எனவே செய்யத்தக்கது இரண்டையும் சேர்த்துச் செய்வதே. கருவியைப் பேணுதல் வேண்டும். பேணும் காலத்திலேயே அதன் குரலையும் பதிந்துவைத்தல் வேண்டும். பதிவு செய்வோர் தேவாலயத்தாரின் இசைவைப் பெறுதலும், பதிவினால் வரும் ஊதியத்தில் ஒரு பங்கு அக்கருவியின் செப்பனிடுதலுக்குச் செல்லுமாறு ஒப்பந்தம் செய்தலும் முறையாகும். அப்பொழுது தொலைவிலே வாசிப்பவர் ஒவ்வொருவரும் அக்குழாய்களுக்கு ஒரு சிறு காவலராவார்.

ஒரு சிறிய அறையில், செவிக்கருவி அணிந்த மாணவி ஒருத்தி ஸ்வொல்லே ஓர்கனின் குரலிலே பாக்கின் பாட்டொன்றைப் பயில்கிறாளென வைத்துக்கொள்ளலாம். அவள் கேட்பது, இரவின் அமைதியிலே எவரோ ஒருவர் பொறுமையோடு அழுத்திவிட்ட விசைகளின் குரல். அவள் விரலுக்குக் காற்றின் எதிர்ப்புத் தெரியாது. நெஞ்சுக்கு 32 அடிக் குழாயின் அதிர்வு எட்டாது. ஆயினும் அக்குரலின் சுவை அவளைப் பற்றிக்கொண்டால், என்றோ ஒருநாள் அத்தேவாலயத்தின் வாயிலிற் சென்று நின்று, மெய்யான குழாய்கள் வாய்திறப்பதைக் கேட்க விரும்புவாள். ஓர் இசைக்கலை உயிரோடிருப்பது கருவியினால் மட்டுமன்று, அதனை விரும்பி நாடும் மனிதராலுங்கூட என்பதை, ஹம்பேர்க்கில் பாக்கைக் கேட்ட முதியவர் ரைன்கன் அறிந்திருந்தார். அத்தகைய மனிதரை உண்டாக்குமாயின், கணினியிற் சேர்த்துவைத்த அக்குரல்கள் தம் கடமையைச் செய்தனவாகும்.